இன்ஜெக்டரையும் ஃபியூல் ரெயிலையும் திரும்ப மாட்டிய பிறகு வரும் கோளாறுகள்: அறிகுறியை வைத்துத் தேடும் வழி

பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, அவற்றுக்குப் பெட்ரோலைப் பகிர்ந்து கொடுக்கும் குழாயான ரெயிலோடு திரும்ப மாட்டிய வண்டி ஒழுங்காக ஓடவில்லை என்றால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது இன்ஜெக்டரைத்தான். பெரும்பாலும் அது வீண் பழி. கழற்றும்வரை ஓடிக்கொண்டிருந்த இன்ஜெக்டர் மேசையில் இரண்டு நாள் கிடந்ததில் கெட்டுப்போவது அரிது. மாட்டும்போது அறுபட்ட ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்), விட்டுப்போன ஸ்பேசர், இடம் மாறிய கனெக்டர், செருக மறந்த வாக்குவம் ஹோஸ், இந்த நான்கில் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆகவே அறிகுறி எதுவானாலும் கை வைத்த இடத்திலிருந்து தேடத் தொடங்குங்கள். கை வைக்காத இடத்துக்கு அப்புறம் போகலாம்.

இங்கே பேசுவது 1980-களிலிருந்து 2000-களின் முற்பகுதிவரை வந்த, இன்டேக் போர்ட்டுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் மல்டிபாயின்ட் இன்ஜின்களைப் பற்றி. இவற்றின் ரெயில் அழுத்தம் பெரும்பாலும் 2.5 முதல் 4 பார்வரைதான். டீசல் காமன் ரெயிலும், சிலிண்டருக்குள் நேரடியாகத் தெளிக்கும் பெட்ரோல் இன்ஜினும் வேறு ரகம். அங்கே அழுத்தம் பல மடங்கு அதிகம். கசியும் இடத்தில் விரலை வைத்தால் எரிபொருள் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். அவற்றுக்கு இந்த வழிமுறை பொருந்தாது.

கழற்றும் ஒவ்வொரு முறையும்

கோளாறு தேடும்போது ரெயிலை மறுபடியும் இரண்டு மூன்று தடவை தூக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் அழுத்தத்தை இறக்கியே தீர வேண்டும். பம்ப் ஃபியூஸையோ ரிலேயையோ பிடுங்கிவிட்டு இன்ஜினை ஓடவிடுங்கள். தானாக அணைந்ததும் இன்னும் 2 அல்லது 3 விநாடி செல்ஃப் அடியுங்கள். டேங்க் மூடியை ஒரு தடவை திறந்து மூடுங்கள். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். இன்ஜின் ஸ்டார்ட்டே ஆகாத நிலையில், இணைப்பின்மேல் தடித்த துணியைச் சுற்றி, மெதுவாகத் தளர்த்த வேண்டியதுதான். அப்படிச் செய்தாலும் ரெயிலுக்குள் ஒரு சிறு கிண்ணம் அளவுக்குப் பெட்ரோல் தேங்கியிருக்கும். துணி தயாராக இருக்கட்டும்.

சூடான இன்ஜினில் இந்த வேலை வேண்டாம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பெரும்பாலும் ரெயிலிலிருந்து ஒரு முழத் தூரத்துக்குள்தான் இருக்கிறது. உலர் பொடி தீயணைப்பான் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும், அறையின் கதவு திறந்திருக்கட்டும், வெளிச்சத்துக்கு எல்.இ.டி. டார்ச் போதும். கண்ணாடி பல்பு வைத்த கைவிளக்கு உடைந்தால் அதுவே தீக்குச்சி.

ஸ்டார்ட் செய்யும் முன் கசிவுச் சோதனை

இதைச் செய்யாமல் செல்ஃப் அடிப்பவர்களால்தான் இன்ஜின் தீப்பிடித்த கதைகள் வருகின்றன. பேட்டரியை இணைத்து, சாவியை ஆன் நிலைக்கு மட்டும் கொண்டுபோங்கள். பெரும்பாலான வண்டிகளில் பம்ப் சுமார் 2 விநாடி ஓடி நின்றுவிடும். இப்படி 4 அல்லது 5 தடவை ஆன்-ஆஃப் செய்தால் ரெயில் நிரம்பி அழுத்தம் ஏறும். கதவு போல அசையும் ஏர் ஃப்ளோ மீட்டர் வைத்த பழைய எல்-ஜெட்ரானிக் வண்டிகள் சிலவற்றில், செல்ஃப் சுற்றினாலோ அந்தக் கதவு திறந்தாலோதான் பம்ப் ஓடும். அவற்றில் ரிலேயைக் கழற்றி, அதன் சாக்கெட்டில் 30, 87 என்ற இரு முனைகளையும் ஃபியூஸ் வைத்த ஒயரால் இணைத்து பம்பை ஓட்டலாம்.

பம்ப் ஓடும்போது ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலைப்பகுதியையும், ஃபீட் ஹோஸ், ரிட்டர்ன் ஹோஸ், ரெகுலேட்டர் (ரெயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது), டாம்பர் (அழுத்தத் துடிப்பைத் தணிப்பது) இணைப்புகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரத்தை டிஷ்யூ காகிதம் காட்டிக்கொடுக்கும். ரெயிலின் அடிப்பக்கத்தைக் கைக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். சொட்டு அங்கேதான் தொங்கும். 5 நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள். எல்லாம் உலர்வாக இருந்தால்தான் செல்ஃப்.

ரெயிலும் இன்ஜெக்டரும் சேரும் இடத்தில் பெட்ரோல் கசிகிறது

போல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நின்றுவிடும் என்று தோன்றும். நிற்காது. இங்கே கசிவைத் தடுப்பது போல்ட்டின் இறுக்கம் அல்ல. ரெயில் குழிக்குள் பக்கவாட்டில் அமுங்கி நிற்கும் ஓ-ரிங். போல்ட்டின் வேலை ரெயில் மேலே எழும்பாமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான். எம்6 போல்ட்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர், எம்8-க்கு 20-ஐ ஒட்டி இருந்தால் வழக்கமாகப் போதும். உங்கள் இன்ஜினின் கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே கணக்கு. அலுமினிய மேனிஃபோல்டில் மரை போய்விட்டால் வேலை இரட்டிப்பாகும்.

ரெயிலைத் தூக்கி, கசிந்த இன்ஜெக்டரை உருவி, ஓ-ரிங்கை உற்றுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சீவியதுபோல் அறுந்திருந்தால், சாய்வாகவோ உலர்ந்த நிலையிலோ செருகியிருக்கிறீர்கள். முழுச்சுற்றும் தட்டையாகியிருந்தால் பழைய ஓ-ரிங்கையே போட்டிருக்கிறீர்கள். உப்பி மிருதுவாகியிருந்தால் ரப்பர் வகையே தவறு. கூலன்ட் பைப்புக்கும் பிரேக்குக்கும் வரும் ஈ.பி.டி.எம். ஓ-ரிங் பார்வைக்கு அச்சு அசலாக இருக்கும், ஆனால் பெட்ரோலில் ஊறி வீங்கிவிடும். இங்கே வேண்டியது விட்டான் என்று கடைகளில் கேட்கப்படும் ஃப்ளூரோகார்பன் ரப்பர். நிறத்தை வைத்து வகையைத் தீர்மானிக்காதீர்கள். பழுப்பிலும் பச்சையிலும் கறுப்பிலும் எல்லா வகையும் வருகின்றன.

அளவும் முக்கியம். பாஷ் ஈ.வி.1 வகை இன்ஜெக்டரில் பொதுவாக உள்விட்டம் 7.52 மி.மீ., தடிமன் 3.53 மி.மீ. கைப்பெட்டியில் கிடக்கும் ‘கிட்டத்தட்ட அதே’ ஓ-ரிங் இங்கே உதவாது. தடிமனில் அரை மில்லிமீட்டர் குறைந்தாலும் அமுக்கம் போய்விடும். சில இன்ஜின்களில் மேல் ஓ-ரிங்கும் கீழ் ஓ-ரிங்கும் வெவ்வேறு அளவு. கழற்றும்போதே பிரித்து வைக்காதவர்கள் மாற்றிப் போட்டுவிடுவார்கள்.

ஓ-ரிங் நன்றாக இருந்தும் கசிகிறதா? ரெயில் குழிக்குள் டார்ச் அடியுங்கள். பழைய ஓ-ரிங் இன்ஜெக்டரோடு வராமல் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் புதியதைச் செருகினால் இரண்டும் சேர்ந்து எதுவும் சரியாக உட்காராது. ஆயில் ஃபில்டர் மாற்றும்போது பழைய கேஸ்கெட் ஒட்டிக்கொள்ளுமே, அதே கதைதான். வளைந்த பிளாஸ்டிக் கொக்கியால் எடுங்கள். எஃகு ஊசியால் கிளறினால் குழியின் சுவரில் நீளவாக்கில் கீறல் விழும், அந்தக் கீறல் வழியாகவே ஆயுளுக்கும் கசியும்.

எஃகு ரெயிலில் குழியின் வாய்ப்பகுதி துருப்பிடித்திருக்கலாம். மேலோட்டமான துருவை மெல்லிய நைலான் தேய்ப்பானால் வட்டச் சுழற்சியில் துடைத்தெடுக்கலாம். நகம் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் அந்த ரெயில் முடிந்தது. சிலிகான் பேஸ்ட்டோ டெஃப்லான் டேப்போ சுற்றி ஒப்பேற்ற வேண்டாம். பேஸ்ட் பெட்ரோலில் இளகும். டேப்பின் நூல் பிரிந்து இன்ஜெக்டருக்குள் போய் அடைக்கும்.

மாட்டும் முறை இதுதான். புதிய ஓ-ரிங்குக்கு மெல்லிய பூச்சு எண்ணெய் வேண்டும். சில தயாரிப்பாளர்கள் சுத்தமான இன்ஜின் ஆயிலைச் சொல்கிறார்கள், சிலர் பெட்ரோலையோ ஸ்பின்டில் ஆயிலையோ சொல்கிறார்கள். சிலிகான் கிரீஸ் மட்டும் வேண்டாம். எரிந்து ஆக்ஸிஜன் சென்சாரைக் கெடுக்கும். இன்ஜெக்டரை நேராகப் பிடித்து, லேசாக இடவலமாகத் திருகியபடி ரெயிலுக்குள் அழுத்துங்கள். கிளிப் இருந்தால் அது இன்ஜெக்டரின் காடியிலும் ரெயிலின் விளிம்பிலும் ஒருசேர உட்கார வேண்டும். எல்லா இன்ஜெக்டரும் ரெயிலில் ஏறிய பிறகு ரெயிலை அப்படியே தூக்கி மேனிஃபோல்டின்மேல் வைத்து, இரண்டு கைகளாலும் சமமாக அமுக்குங்கள். கை அழுத்தத்திலேயே ரெயில் உட்கார்ந்துவிட வேண்டும். உட்காரவில்லை என்றால் ஏதோ ஒன்று கோணலாக இருக்கிறது. போல்ட்டை இறுக்கி இழுத்துப் பிடித்தால் அந்தக் கோணல் ஓ-ரிங்கை அறுக்கும்.

ரெயில் உட்கார்ந்ததும், கிளிப்பால் பூட்டப்படாத வகையில், ஒவ்வொரு இன்ஜெக்டரையும் விரலால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். லேசான பிசுபிசுப்போடு சுழல வேண்டும். திருகவே வராத இன்ஜெக்டரில் ஓ-ரிங் மடிந்திருக்கிறது. இந்த ஒரு நிமிடச் சோதனை இரண்டாவது முறை கழற்றுவதை மிச்சப்படுத்தும்.

ரெயில் கால்களுக்கு அடியில் பிளாஸ்டிக் அல்லது ஃபைபர் ஸ்பேசர்கள் வரும் இன்ஜின்கள் உண்டு. அவை வெப்பத்தைத் தடுப்பதோடு ரெயிலின் உயரத்தையும் தீர்மானிக்கின்றன. ஒன்றை விட்டுவிட்டால் ரெயில் அந்தப் பக்கம் சாய்ந்து இன்ஜெக்டரை நசுக்கும், எதிர்ப்பக்க ஓ-ரிங் வெளியே எழும்பும். அவை பெரும்பாலும் ரெயிலின் அடியில் ஒட்டிக்கொண்டோ கீழே விழுந்து போல்ட் டப்பாவுக்குள் கலந்தோ போகும். கழற்றியபோது எத்தனை இருந்தன என்று எண்ணாவிட்டால் இப்போதாவது எண்ணுங்கள்.

ஹோஸ் அல்லது பைப் இணைப்பில் கசிவு

பேஞ்சோ போல்ட் (நடுவே பெட்ரோல் ஓடும் துளை கொண்ட போல்ட்) வகையில் செம்பு அல்லது அலுமினிய வாஷர்கள் ஒரு முறை நசுங்கினால் அத்தோடு சரி; போல்ட்டின் இரு பக்கமும் புதிய வாஷர் போடுங்கள். டக்கென்று பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் இணைப்பில், சத்தம் கேட்டபின் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். ரப்பர் ஹோஸ் என்றால் அதன்மேல் உள்ள எழுத்தைப் படியுங்கள். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்7 கார்புரேட்டர் வண்டிக்கு. இன்ஜெக்ஷனுக்கு ஆர்9 வேண்டும். துளையிட்ட பட்டை வைத்த சாதாரண கிளாம்ப், ரப்பரைத் துளைகள் வழியே பிதுக்கி அறுக்கும். விளிம்பு மடித்த, துளையில்லாத இன்ஜெக்ஷன் கிளாம்ப் போடுங்கள்.

செல்ஃப் பாதியில் முட்டி நிற்கிறது

பேட்டரி நன்றாக இருந்தும் ‘டொக்’ என்று முட்டி நின்றால், உடனே நிறுத்துங்கள். இரண்டாவது தடவை முயலாதீர்கள். ஏதோ ஒரு இன்ஜெக்டர் திறந்தபடியே சிக்கி, கசிவுச் சோதனை நேரத்தில் சிலிண்டரைப் பெட்ரோலால் நிரப்பியிருக்கலாம். திரவம் அமுங்காது, பலவந்தமாகச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும். எல்லா ப்ளக்குகளையும் கழற்றி, இக்னிஷன் காயிலின் கனெக்டரைப் பிடுங்கி, பம்ப் ஃபியூஸையும் எடுத்துவிட்டு, ப்ளக் துளைகளுக்கு நேரே யாரும் நிற்காதபடி பார்த்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். எந்தத் துளையிலிருந்து பெட்ரோல் பீய்ச்சியதோ அந்த இன்ஜெக்டர்தான் குற்றவாளி. பிஸ்டன் ரிங் வழியாகப் பெட்ரோல் ஆயிலுக்குள் இறங்கியிருக்கும். டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறியிருந்தாலோ பெட்ரோல் வாடை வந்தாலோ ஆயிலும் ஃபில்டரும் மாற்றாமல் இன்ஜினை ஓட்டக் கூடாது.

செல்ஃப் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

ரெயில் காலியாக இருந்ததால் முதல் தடவை நீளமாக இழுப்பது இயல்பு. ரிட்டர்ன் லைன் இல்லாத அமைப்பில் காற்று வெளியேற இன்ஜெக்டர் துளை மட்டுமே வழி என்பதால் இன்னும் நேரம் பிடிக்கும். 10 விநாடி வீதம் மூன்று தடவைக்குப் பிறகும் உயிர் வரவில்லை என்றால் தேட ஆரம்பிக்கலாம்.

முதலில் ரெயிலில் அழுத்தமானி போடுங்கள். அழுத்தமே இல்லை என்றால், கழற்றிய ஃபியூஸைத் திரும்பச் செருகினீர்களா என்று பாருங்கள்; சிரிப்பு வரலாம், பட்டியலில் முதலிடம் இதற்குத்தான். அடுத்தது ஃபீட் ஹோஸும் ரிட்டர்ன் ஹோஸும் இடம் மாறியிருப்பது. இரண்டும் ஒரே தடிமனாக இருக்கும் வண்டிகளில் பம்ப் மூடிய ரெகுலேட்டரின் வெளிவாயில் முட்டிக்கொண்டிருக்கும். ரெயிலுக்குள் பெட்ரோல் வராது.

அழுத்தம் சரியாக இருந்தால் கனெக்டர்களைப் பாருங்கள். பழைய பாஷ் அமைப்புகள் பலவற்றில் இன்ஜெக்டர், கூலன்ட் வெப்ப சென்சார், கோல்ட் ஸ்டார்ட் வால்வு (குளிரில் ஸ்டார்ட் ஆகக் கூடுதல் பெட்ரோல் தெளிக்கும் தனி இன்ஜெக்டர்) மூன்றுக்கும் அதே இரண்டு முள் கனெக்டர்தான். ஒயர்கள் பக்கத்துப் பக்கத்தில் வருவதால் சென்சாரின் கனெக்டர் இன்ஜெக்டரில் ஏறிவிடுவது வெகு சாதாரணம். அப்போது ஈ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இன்ஜினின் வெப்பத்தைத் தவறாகக் கணித்துப் பெட்ரோலைக் கொட்டும் அல்லது பட்டினி போடும். ஒயர் நிறத்தை வரைபடத்தோடு ஒப்பிட்டுத்தான் இதைக் கண்டுபிடிக்க முடியும். செருகல் கச்சிதமாக இருக்கும், கண்ணுக்குத் தவறு தெரியாது.

கனெக்டரும் சரி என்றால், இன்ஜெக்டர் கனெக்டரில் நாய்ட் லைட் (மின்துடிப்பு வருகிறதா என்று காட்டும் சிறு சோதனை விளக்கு) செருகி செல்ஃப் அடியுங்கள். மினுக்கினால் ஈ.சி.யு. வேலை செய்கிறது. எந்த இன்ஜெக்டரிலும் மினுக்கவில்லை என்றால், ரெயிலை எடுக்க வழிவிட்டுக் கழற்றிய எர்த் ஒயர் ஒன்று மேனிஃபோல்டில் திரும்ப ஏறாமல் இருக்கலாம். மாதக்கணக்கில் கிடப்பில் இருந்த வண்டியில் மினுக்கல் இருந்தும் ஸ்டார்ட் ஆகாவிட்டால், பெட்ரோல் பிசின் கட்டி இன்ஜெக்டருக்குள் இருக்கும் ஊசிகள் ஒட்டியிருக்கலாம். ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் இன்ஜெக்டர் உடலை லேசாகத் தட்டினால் சில சமயம் விடுபடும். விடுபட்டாலும் அது தற்காலிகம்.

ஐடில் ஏறி இறங்குகிறது, அல்லது ஏறியபடியே நிற்கிறது

கீழ் ஓ-ரிங் வழியாகக் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை. மேல் ஓ-ரிங் பெட்ரோலைத் தடுக்கிறது, கீழ் ஓ-ரிங் காற்றைத் தடுக்கிறது. மேலது தவறினால் வாடை வரும். கீழது தவறினால் வெளியே ஒரு தடயமும் இருக்காது. சமயத்தில் மெல்லிய விசில் கேட்கும், அவ்வளவுதான்.

ஒரே கசிவு இரு வண்டிகளில் இரு விதமாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. காற்றை நேரடியாக அளக்கும் ஏர் ஃப்ளோ மீட்டர் உள்ள வண்டியில், மீட்டரைத் தாண்டி நுழையும் காற்று கணக்கில் வராது. அதற்கான பெட்ரோலும் வராது. கலவை வறண்டு இன்ஜின் நடுங்கும், ஐடில் ஏறி இறங்கும், அணையவும் செய்யும். மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் வண்டியில், நுழைந்த காற்றால் அழுத்தம் உயரும், ஈ.சி.யு. அதைப் பார்த்துப் பெட்ரோலையும் கூட்டும். ஆகவே ஆக்ஸிலரேட்டரை யாரோ லேசாக மிதித்ததுபோல் 1,200 அல்லது 1,500 ஆர்.பி.எம்.மில் நின்றுகொள்ளும்.

ஓ.பி.டி. 2 ஸ்கேனர் போட முடிந்தால் ஃபியூல் ட்ரிம்மை, அதாவது ஈ.சி.யு. பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ செய்யும் திருத்தத்தைப் பாருங்கள். ஐடிலில் கூட்டல் 15 அல்லது 20 சதவீதம் காட்டி, 2,500 ஆர்.பி.எம்.மில் இயல்புக்கு இறங்கினால் காற்றுக் கசிவு. கசியும் காற்றின் அளவு ஏறக்குறைய அப்படியே இருக்க, இன்ஜின் இழுக்கும் மொத்தக் காற்று பெருகுவதால் வேகத்தில் அதன் பங்கு சுருங்கிவிடுகிறது. மாறாக, ஐடிலில் சரியாக இருந்து சுமை ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் போதவில்லை. பம்ப் பக்கம் பாருங்கள். கலவை வறண்டது என்று சொல்லும் பி0171 கோடு இரண்டு நிலையிலும் வரும். கோடை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

இடத்தைக் கண்டுபிடிக்க ஸ்மோக் மெஷின் சிறந்தது. அது இல்லாவிட்டால், ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் அடியிலும் தண்ணீரை மென்மையான தூறலாகத் தெளியுங்கள். தண்ணீர் ஓட்டையை ஒரு கணம் அடைக்கும்போது ஐடில் மாறும். எக்ஸாஸ்ட்மேலும் இக்னிஷன் ஒயர்மேலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கார்ப் கிளீனரை ஓடும் இன்ஜினில் அடிப்பது பரவலான பழக்கம்தான். ஸ்பார்க் கசியும் ஒரு பழைய ப்ளக் ஒயர் போதும், பானெட்டுக்குள் தீப்பந்து எழ. அதைப் பரிந்துரைக்க முடியாது.

கீழ் உட்காருமிடத்தில் கரி படிந்திருந்தால் எந்தப் புதிய ஓ-ரிங்கும் நிற்காது. போர்ட்டுக்குள் துணியைத் திணித்துவிட்டு, பிளாஸ்டிக் சுரண்டியால் கரியைச் சுரண்டி, வாக்குவம் கிளீனரால் இழுத்தபின் துணியை எடுங்கள். உள்ளே விழும் கரித்துண்டு இன்டேக் வால்வின் இருக்கையில் சிக்கினால் அந்தச் சிலிண்டரில் கம்ப்ரெஷனே வராது. ஓ-ரிங்குக்குக் கீழே தடித்த ரப்பர் கிராமட் வைக்கும் இன்ஜின்களில் அந்தக் கிராமட்டையும் சேர்த்து மாற்றுங்கள். அது கல்லாக இறுகியிருக்கும்.

ரெயிலுக்கு வழிவிட மேனிஃபோல்டின் மேல்பாதியைக் கழற்றியிருந்தால் அதன் கேஸ்கெட்டும், பிரேக் பூஸ்டர் ஹோஸும் சந்தேகப் பட்டியலில் சேரும்.

ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் அடிக்கிறது

ஐடிலில் இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றினால் சத்தத்தில் வித்தியாசமே இல்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜெக்டரில் வைத்து, பிடியைக் காதில் வைத்தால் ஊசி அடிக்கும் டிக் டிக் ஓசை கேட்கும். ஓசை இல்லாவிட்டால் பெரும்பாலும் மின்சாரக் கோளாறு. ஓசை இருந்தால் அடைப்பு, அல்லது கோளாறு இன்ஜெக்டரிலேயே இல்லை. ரெயிலை எடுக்கும்போது ப்ளக் ஒயர் தளர்வது சகஜம். அதை முதலில் அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

மின்சாரம் என்றால் இரு முள்களுக்கிடையே மின்தடையை அளங்கள். உயர் மின்தடை வகையில் 12 முதல் 17 ஓம், தாழ் மின்தடை வகையில் 2 முதல் 5 ஓம். எல்லா இன்ஜெக்டரும் ஒன்றுக்கொன்று அரை ஓமுக்குள் ஒத்துப்போக வேண்டும். முடிவிலி காட்டினால் சுருள் அறுந்தது. மின்தடை சரியாக இருந்தால் கனெக்டர் முள்ளைப் பாருங்கள். பின்னே தள்ளப்பட்ட முள் வெளியிலிருந்து பார்த்தால் செருகியதுபோலவே இருக்கும்.

இந்த இடத்தில் இரண்டு எச்சரிக்கைகள். தாழ் மின்தடை இன்ஜெக்டருக்கு பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்துச் சோதிக்காதீர்கள், சில விநாடியில் சுருள் கருகும். அதேபோல் 15 ஓம் இருந்த இடத்தில் 2.5 ஓம் இன்ஜெக்டரை மாட்டாதீர்கள், 0.8 ஆம்பியர் ஓடிய இடத்தில் கிட்டத்தட்ட 5 ஆம்பியர் ஓடி, ஈ.சி.யு.வுக்குள் இருக்கும் டிரைவரை எரித்துவிடும்.

ஓசை இருந்தும் மிஸ் தொடர்ந்தால் அந்த இன்ஜெக்டரைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். மிஸ்ஸும் கூடவே நகர்ந்தால் இன்ஜெக்டர்தான். நகராவிட்டால் கம்ப்ரெஷன் பாருங்கள். கனெக்டர்கள் சிலிண்டர் மாறிப் போயிருந்தால், எல்லாம் ஒரே நேரத்தில் திறக்கும் பழைய அமைப்பில் ஒன்றும் தெரியாது. வரிசைப்படி தெளிக்கும் அமைப்பில் ஐடில் கரடுமுரடாக இருக்கும், ஆனால் ஓடும். அதனால்தான் இது மாதக்கணக்கில் பிடிபடாமல் கிடக்கும்.

கரும்புகை, பெட்ரோல் வாடை, மைலேஜ் சரிவு

ரெகுலேட்டரின் வாக்குவம் ஹோஸைப் பாருங்கள். அது செருகப்படாவிட்டால் ஐடிலில் ரெயில் அழுத்தம் 2.5 பாரில் நிற்காமல் 3 பாரில் நிற்கும். இன்ஜெக்டரின் இரு பக்க அழுத்த வித்தியாசம் 3-லிருந்து 3.5 ஆகும். தெளிப்பு இந்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் பெட்ரோல் சுமார் 8 சதவீதம் கூடும். ஹோஸ் திறந்து கிடப்பதால் அந்த வழியே காற்றும் நுழைவது குழப்பத்தை இன்னும் கூட்டும். ஹோஸ் சரியாகச் செருகியிருந்தால் அதைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டரின் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. ரெகுலேட்டரை மாற்றுவதுதான் வழி.

ரெகுலேட்டர் சரி என்றால் சொட்டுச் சோதனை. மேனிஃபோல்டிலிருந்து ரெயிலை இன்ஜெக்டர்களோடு தூக்கி, இன்ஜெக்டர்கள் அழுத்தத்தில் கழன்றுவிடாதபடி கம்பியால் ரெயிலோடு கட்டி, இன்ஜெக்டர் கனெக்டர்களையும் இக்னிஷன் காயிலையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு முனைக்கும் கீழே ஒரு சிறு கிண்ணம் வைத்து பம்பை ஓட்டுங்கள். நிமிடத்துக்கு 1 சொட்டுக்கு மேல் விழக் கூடாது என்பது பழைய கையேடுகளில் காணும் வரம்பு. ஒன்றுமே விழாமல் இருப்பதுதான் நிம்மதி. தீ ஆபத்து மிகுந்த சோதனை இது. குளிர்ந்த இன்ஜினில், திறந்த வெளியில் மட்டும்.

ஐந்தாவதாக ஒரு கோல்ட் ஸ்டார்ட் இன்ஜெக்டர் உள்ள வண்டியில் அதை மறந்துவிடாதீர்கள். அது சொட்டினால் நான்கு இன்ஜெக்டரையும் எத்தனை முறை சுத்தம் செய்தாலும் புகை போகாது.

காலையில் சரி, சூட்டில் அடம் பிடிக்கிறது

20 நிமிடம் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால் நீளமாகச் செல்ஃப் இழுக்கிறது. ஸ்டார்ட் ஆனதும் குபுக்கென்று கரும்புகை, அல்லது சில விநாடி நடுக்கம். ரெயிலில் தங்கவேண்டிய அழுத்தம் தங்கவில்லை. அழுத்தம் விழுந்தால் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி ரெயிலுக்குள் குமிழி கட்டும்.

அழுத்தமானியை வைத்து இன்ஜினை அணையுங்கள். முள் விறுவிறுவென்று இறங்கினால் எங்கே போகிறது என்று பிரிக்க எளிய வழி உண்டு. பம்பை ஓட்டி அழுத்தம் ஏற்றி, நிறுத்தியவுடன் ரிட்டர்ன் ஹோஸை மழுங்கிய வாய் கொண்ட ஹோஸ் கிளாம்பால் நெரியுங்கள். அழுத்தம் நின்றால் ரெகுலேட்டர். நிற்காவிட்டால், மறுபடி ஏற்றி, இம்முறை ஃபீட் ஹோஸை நெரியுங்கள். நின்றால் பம்புக்குள் இருக்கும் செக் வால்வு. இரண்டையும் சேர்த்து நெரித்தும் இறங்கினால் இன்ஜெக்டர்கள் சொட்டுகின்றன, மேலே சொன்ன சொட்டுச் சோதனைக்குப் போங்கள். பிளாஸ்டிக் பைப்பையும் விறைத்துப்போன பழைய ரப்பரையும் நெரிக்காதீர்கள், வெடித்துவிடும்.

ஐடில் நன்று, மிதித்தால் இழுவை இல்லை

ரெயிலை உட்காரவைக்கும்போது ஹோஸ் மடிந்து நசுங்கியிருக்கலாம். அழுத்தமானியைக் கட்டிக்கொண்டு சுமையில் ஓட்டிப் பார்த்து அழுத்தம் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் மடிந்த ஹோஸ், ஃபியூல் ஃபில்டர், பம்ப் என்ற வரிசை. விழாவிட்டால் இன்ஜெக்டரின் தலைக்குள் இருக்கும் சல்லடை அடைத்திருக்கிறதா பாருங்கள். ரெயிலைக் கழுவாமல் இன்ஜெக்டரை மட்டும் சுத்தம் செய்தால், ரெயிலுக்குள் உதிர்ந்த துரு முதல் நாளே அந்தச் சல்லடையில் போய் உட்காரும்.

சிலிண்டருக்கு இரண்டு இன்டேக் வால்வு உள்ள இன்ஜினில் இன்ஜெக்டர் இரு கிளையாகத் தெளிக்கும். அது சரியான கோணத்தில் நிற்க வேண்டும். கால்வாசி திரும்பியிருந்தால் பெட்ரோல் வால்வில் படாமல் போர்ட் சுவரில் வழியும். மிதித்தவுடன் ஒரு தயக்கம், பிறகு சரியாவது இதன் குணம். கனெக்டர்கள் எல்லாம் ஒரே திசை நோக்குகின்றனவா என்று மேலிருந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

குளிர்ந்த காலையில் மட்டும் வாடை

வண்டி நன்றாக ஓடுகிறது, சூடானதும் வாடை இல்லை, காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் பெட்ரோல் மணக்கிறது. ஓ-ரிங் பழையது அல்லது தடிமன் குறைந்தது. குளிரில் சுருங்கி விறைத்துக் கசிந்து, சூட்டில் விரிந்து அடைத்துக்கொள்கிறது. சூடான இன்ஜினில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. இரவு முழுக்க நின்ற வண்டியில், செல்ஃப் அடிக்கும் முன் சாவியை நாலைந்து முறை ஆன் செய்து, டிஷ்யூ காகிதத்தோடு ரெயிலின் அடியைத் தடவிப் பாருங்கள். ஒன்று ஈரமானாலும் எல்லா ஓ-ரிங்கையும் மாற்றுங்கள், மற்றவையும் அதே வயதுதான்.